ஒரு கணினியில் பல இணையதளங்கள்: பகிர்வு ஹோஸ்டிங்கின் நன்மையும் குறையும்

இணையதளம் என்பது கோப்புகளின் தொகுப்பாகும். இரவும் பகலும் இயங்கும் கணினி ஒன்றில் அக்கோப்புகளை வைத்து, கேட்போருக்கு அனுப்புதல் வேண்டும். அக்கணினியைச் சர்வர் என்றும், அதில் இடம் அளிக்கும் பணியை ஹோஸ்டிங் என்றும் கூறுவர். பலருக்கு உரிய தளங்கள் ஒரே சர்வரில் குடியிருப்பின் அது பகிர்வு ஹோஸ்டிங் எனப்படும். சிறு பள்ளிகளும் அலுவலகங்களும் குறைந்த செலவில் பெறத்தக்கது இம்முறையாதலின், அதன் இயல்பை ஆராய்ந்தறிதல் நலம்.

இயங்கும் முறை

தொடக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐ.பி. முகவரி தேவைப்பட்டது. பிரவுசர் தான் நாடும் தளத்தின் பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதை, 1997-ஆம் ஆண்டில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை விதியாக்கிற்று. ஒரே கதவெண் கொண்ட கட்டடத்தில் தபால்காரர் பெயரைப் பார்த்துக் கடிதம் கொடுப்பதுபோல, சர்வரும் பெயரைக் கொண்டு உரிய தளத்தை எடுத்தளிக்கிறது. பழைய முறை ஐ.பி. முகவரிகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 429 கோடியே. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆதலின் முகவரியைப் பகிர்தல் சிக்கனமும் ஆகும்.

நன்மைகள்

முதலாவது, செலவு பலருக்கும் பங்கிடப்படுகிறது. இரண்டாவது, சர்வரின் மின்சாரம், குளிரூட்டல், மென்பொருள் திருத்தம் ஆகியவற்றை இடம் அளிப்பவரே கவனிக்கிறார். பள்ளியில் கணினி வல்லுநர் இருக்க வேண்டுவதில்லை. மூன்றாவது, ஆசிரியர் ஒருவர் சின்னாளில் கற்று அறிவிப்புகளைத் தாமே வெளியிடலாம்.

குறைகள்

செயலியும் நினைவகமும் பொதுவானவை. அண்டைத் தளம் ஒன்றிற்குத் திடீரெனக் கூட்டம் பெருகின், ஏனைய தளங்களும் தளர்வுறும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் தளமே அத்தகைய சுமைக்கு ஆளாகலாம். ‘எல்லையற்ற இடம்’ என்று விளம்பரம் செய்வோரும், செயலியின் பயன்பாட்டுக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிப்பதுண்டு. 99.9 சதவீத நேரம் இயங்கும் என்னும் உறுதிமொழியும், ஆண்டில் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நின்றுபோக இடமளிக்கிறது.

இவற்றினும் பெரிது பாதுகாப்புக் குறையாகும். கணக்குகளைப் பிரிக்கும் தடுப்பு செம்மையாக இல்லாவிடில், ஒரு தளத்தில் புகுந்த தீயோர் பிற தளங்களையும் எட்டக்கூடும். அண்டையார் வேண்டாத மின்னஞ்சல்களை ஏராளமாக அனுப்பின், பொது முகவரி தடைப்பட்டியலில் சேர்க்கப்படும். அப்போது பள்ளியின் மின்னஞ்சலும் ஏற்கப்படாமல் போகலாம்.

தேர்வு செய்யும் முறை

எதனைத் தளத்தில் வைக்கிறோம் என்பதே முடிவுக்கு அடிப்படையாதல் வேண்டும். விடுமுறை அறிவிப்பு, பாடத்திட்டம், பயிர்க் குறிப்பு போன்ற பொதுச் செய்திகளுக்குப் பகிர்வு முறையே போதும். மாணவரின் முகவரி, ஆதார் எண், மதிப்பெண், நோய்க் குறிப்பு முதலியவற்றை அங்கு வைத்தல் தகாது. தகவலைத் திரட்டும் நிறுவனமே, பிறரைக் கொண்டு அதனைக் கையாளும்போதும், காப்புக்குப் பொறுப்பாகும். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுக்கும் நெறியும் இதுவே. அத்தகைய தேவைக்கு, நினைவகமும் செயலியும் வரையறுத்து ஒதுக்கப்படும் தனிப் பிரிவையோ தனிச் சர்வரையோ, தக்க வல்லுநரின் துணையுடன் நாடுதல் வேண்டும். அரசு அலுவலகங்கள் தேசிய தகவலியல் மையத்தின் ஏற்பாடுகளை முதலில் விசாரித்தறிதல் நன்று.

எம்முறையைக் கொள்ளினும் மூன்று செயல்கள் இன்றியமையாதவை. தளத்தின் பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகியிருத்தல் வேண்டும். தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருத்தலாகாது. கோப்புகளின் நகலை மாதந்தோறும் வேறோர் இடத்தில் சேமித்தல் வேண்டும். அந்நகலிலிருந்து தளத்தை மீண்டும் அமைக்க இயலுமா என ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்தல் வேண்டும். இம்மூன்றும் செய்து வைத்தோர், இடம் அளித்தவர் கடையை மூடினும் தம் தளத்தை வேறிடத்தில் நிறுவிக்கொள்ள இயலும்.