தேவராஜன் யாவன்? காம்போச நாட்டு அரசும் சைவமும்

அரசு என்பது படையாலும் பொருளாலும் மட்டும் நிலைபெறுவதன்று. குடிகள் அதனைத் தமதென்று ஒப்புதற்குரிய காரணம் ஒன்று வேண்டும். இடைக்காலத்தில் அக்காரணத்தைச் சிவநெறியிற் கண்ட நாடுகளுள் காம்போசம் சிறந்தது. ஆயின் அந்நாட்டு மன்னர் தம்மையே கடவுளாக்கிக்கொண்டனர் என்றும், சைவம் அதற்குத் துணைபோயிற்று என்றும் வரலாற்று நூலார் சிலர் எழுதினர். பசுவைப் பதியென்றல் நம் சமயத்துக்கு முற்றும் மாறாதலின், இக்கூற்று ஈண்டு ஆராயற்பாலது.

கி.பி. 802இல் இரண்டாம் ஜயவர்மன், தன் நாடு சாவகத்துக்கு அடங்காதிருத்தற்பொருட்டும், சக்கரவர்த்தி ஒருவனே ஆளுதற்பொருட்டும், மகேந்திர பருவதத்தில் ஒரு கிரியை செய்வித்தான். இரணியதாமன் என்னும் அந்தணர் வீணாசிகம், நயோத்தரம், சம்மோகம், சிரச்சேதம் என்னும் நான்கு நூல்களைச் சிவகைவல்லியர் என்னும் குருவுக்கு ஓதுவித்து, தேவராஜனைத் தாபிக்கும் முறையைக் கற்பித்தார். இச்செய்தியைக் கூறுவது, அக்குருவின் வழித்தோன்றலார் 1052இல் தம் குலத்து நிலவுரிமைகளை நாட்டுதற்கு வெட்டுவித்த ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு. அந்நான்கு நூல்களும் காமிகம் முதலிய இருபத்தெட்டனுள் அடங்கா; வாமசுரோதசைச் சார்ந்த தந்திரங்களாம். ஆகவே இதனைச் சித்தாந்தக் கிரியையென மயங்குதல் கூடாது.

இனித் தேவராஜன் என்பான் மன்னனே எனின், அற்றன்று. கெமர் மொழியில் அதற்கு வழங்கும் பெயர் 'அரசனாகிய உலகநாதன்' எனப் பொருள்படும். உலகநாதன் என்பது ஆண்டுத் தெய்வங்கட்குரிய பட்டம். மன்னர் தலைநகரை மாற்றியபோது தேவராஜனும் உடன் சென்றதாக அக்கல்வெட்டே கூறுகின்றது. மன்னர் பலர் மாய்ந்தும் தேவராஜன் மாறாதிருந்தமையின், மன்னன் வேறு, அத்தெய்வம் வேறு என்பது பெறப்படும்.

அற்றேல், இந்திரவர்மன் 881இல் தாபித்த இலிங்கம் இந்திரேசுவரம் எனப்பட்டது என்னையெனின், தாபித்தோன் பெயரை ஈசன் பெயரொடு புணர்த்தல் சைவ வழக்கு. தஞ்சையில் இராசராசேச்சரம் உண்மையால் இராசராசன் ஈசனாகான். இரண்டாம் ஜயவர்மனுக்குப் பரமேசுவரன் என்னும் பெயர் இட்டது உண்மையே. அஃது அவன் இறந்தபின் இட்டது. அங்ஙனமே இந்திரவர்மனை ஈசுவரலோகத்தும் யசோவர்மனைப் பரமசிவலோகத்தும் சேர்ந்தோராகக் குறித்தனர். உலகத்தைச் சேர்ந்தோன் அவ்வுலகத்துத் தலைவனாகான்.

அங்ஙனமாயின் அரசு எவ்வாற்றான் நிலைத்தது? நீராலும் மடங்களாலும் ஆணையாலும் என்க. இந்திரவர்மன் இந்திரதடாகம் அகழ்ந்தான். 889இல் முடிசூடிய யசோவர்மன் ஏறக்குறைய 4½ மைல் நீளமும் ஒரு மைலுக்கு மேற்பட்ட அகலமும் உடைய யசோதரதடாகம் கண்டான். நாடெங்கும் ஏறத்தாழ நூறு ஆசிரமங்கள் நிறுவி, அவற்றின் ஒழுக்கவிதிகளைக் கல்லிற் பொறித்தான். விருந்தினரை எதிரேற்றலும், முதியோர், பிணியாளர், வறியோர்க்கு உணவளித்தலும் அவ்விதிகளுள் அடங்கும். முதலாம் சூரியவர்மன், உரிமைப்போரில் வென்றபின், 1011இல் அலுவலர் யாவரையும் வேள்வித்தீயின் முன்னர்ச் சூளுரைப்பித்து, அச்சூளையும் அவர்தம் பெயர்களையும் அரண்மனை வாயிலிற் பொறித்தான். பிழைத்தோர் கதிரும் மதியும் உள்ளளவும் முப்பத்திரண்டு நரகங்களிற் பிறப்பர் என்பது அச்சூள். தன்னைக் கடவுளென்று அனைவரும் நம்பினராயின், மன்னன் இத்துணைக் காவல் தேடுதல் வேண்டா.

அவ்வரசும் நில்லாதாயிற்று. பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் நெடிய வறட்சியும் பெருவெள்ளமும் மாறிமாறி வந்து நீர்நிலைகளைச் சிதைத்தன. அயோத்தியாவின் படைகளும் நெருக்கின.

அரசர் சிவநாமத்தைத் தம் அதிகாரத்துக்கு அரணாகக் கொண்டது உண்மை. அதனை மறைத்தல் வேண்டா. ஆயின் கொண்டவன் பசு; கொள்ளப்பட்ட நாமத்துக்கு உரியோன் பதி. இவ்வேறுபாட்டை அக்கல்வெட்டுக்களே காத்துவைத்தன. அரசர் கொடையால் வாழ்ந்த மடங்கள் அவ்வரசரோடு மறைந்தன என்பதும், வறியோர்க்கு உணவளிக்க எழுதிய விதி இன்றும் கல்லில் நிற்கின்றது என்பதும் நம் மடங்களைச் சார்ந்தோர் சிந்திக்கற்பாலன.

திருச்சிற்றம்பலம்.