லாரிக்காரி போன பிறகு: தை, மாசியில் கோழி வளர்ப்பவர்களுக்கு

தை பாதி கடந்துவிட்டது. விடியற்காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய காலம் இது. வெள்ளைக்கழிச்சல் இப்போது தலைகாட்டினால் கோடை முழுக்க ஊர் ஊராகச் சுற்றும். மாசி, பங்குனியில் கோயில் நோன்பு, கிடாவெட்டு, விருந்து என்று சந்தைக் கோழி கைமாறிக்கொண்டே இருப்பதும் அதற்கு வசதி.

போன வருடம் இதே நாட்களில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் பக்கம் புறவழிச்சாலை ஓரத்தில், லாரிக் கூண்டிலிருந்து விழுந்த வெள்ளைக் கோழி ஒன்று கிடந்தது. முட்டைப் பண்ணையில் வயது முடிந்து கறிக்குப் போகிற கோழி. பண்ணையில் இவற்றை எழுபது, எண்பது வாரம் வைத்திருப்பார்கள். பிறகு கிலோக் கணக்கில் விற்றுவிடுவார்கள். துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலகு நுனி வெட்டப்பட்டிருந்தது, கழுத்தில் பாதி இறகு இல்லை. மண்ணில் இறக்கிவிட்டால் சூடு பட்டதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. பிறந்ததிலிருந்து கம்பி வலையைத் தவிர வேறெதையும் மிதித்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா 'லாரிக்காரி' என்று பெயர் வைத்தார்.

தனியாக வைத்தபோது கத்திக்கொண்டே இருந்தாள். மனசு கேட்காமல் நாலாம் நாளே மற்ற கோழிகளோடு விட்டேன். பதினோராம் நாள் காலையில் இறக்கை தொங்கி, கண் சொருகித் தூங்கி நின்றாள். மறுநாள் இல்லை. அந்த வாரத்திலேயே மூன்று வெடைகளும் ஒரு சேவலும் போயின.

அதனால், உங்கள் கூட்டில் இன்று ஒன்று செத்துக் கிடந்தால் முதல் வேலை அழுவதும் இல்லை, குழம்பு வைப்பதும் இல்லை. சீக்குக் கோழியை அறுத்துச் சமைப்பது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. அறுத்த இடத்து ரத்தமும் இறகும் குடலும் போதும், மிச்சக் கோழிகளை முடித்துவிடும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுங்கள். இரண்டு பைகளில் போட்டுக் கட்டுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் கிருமி மனிதருக்குக் கண் சிவப்பை உண்டாக்கும்.

ஏன் செத்தது என்று தெரிந்துகொள்வது அடுத்தது. பலர் விட்டுவிடுவது இதைத்தான். பண்ணையிலிருந்து மீட்ட முட்டைக்கோழி செத்தால் அது தொற்று நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓயாமல் முட்டையிட்ட உடம்பு அது. முட்டைக்கரு வயிற்றுக்குள் சிந்திச் சீழ் பிடித்து, அடிவயிறு தண்ணீர்ப்பை போலத் தொங்கி, காலை அகட்டி அகட்டி நடந்து செத்திருக்கலாம். சுண்ணாம்புச் சத்து முழுக்க ஓட்டுக்கே போய், எலும்பு வலுவிழந்து படுத்திருக்கலாம். இவை மற்ற கோழிகளுக்குப் பரவாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு செத்திருந்தால் கதை வேறு.

காலையில் செத்ததை அன்றைக்கே ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் போட்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், பிரேதப் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியே உண்டு. ஃப்ரீசரில் உறைய வைத்துவிடாதீர்கள், உறைந்த உடலில் பார்க்க வேண்டியது பாதி கெட்டுவிடும். லாரிக்காரியைத் திறந்தபோது மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரைப்பையின் உள்சுவரில் குங்குமம் தெளித்ததுபோலச் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். வெள்ளைக்கழிச்சலின் அடையாளம் அது.

ஒரே நாளில் நாலைந்து செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, முகம் வீங்கியிருந்தால் மட்டும் எதையும் தொடாமல், எங்கும் எடுத்துப் போகாமல், மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருந்துவிடக் கூடாது. 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.

புதைக்கிறவர்கள் மூன்று அடிக்குக் குறையாமல் குழி தோண்டுங்கள். கீழே ஒரு கை சுண்ணாம்பு, மேலே ஒரு கை. மண்ணை மூடி முள்ளோ கல்லோ வையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியே நாய் தோண்டும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளியே இருக்கட்டும். ஓடையில் வீசிவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது, அவர்கள் ஊருக்கே நோயை அனுப்பி வைக்கிறார்கள்.

இனி, உயிரோடு இருக்கிறவை. எதையும் விற்காதீர்கள், சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். இருக்கிறதையாவது காசாக்குவோம் என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரத்தில்தான் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது. ராத்திரி கோழிகள் அடைந்த பிறகு பஞ்சாரத்தின் அருகே உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். பகலில் தெரியாத 'கொர்... கொர்...' சத்தம் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்கும். காலையில் திறப்பதற்கு முன் எச்சத்தின் நிறத்தைப் பாருங்கள். இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்பதையும், தோல்முட்டை போடுவதையும் தனியாகப் பிரியுங்கள். முதலில் நன்றாக இருப்பவற்றுக்குத் தீனி, தண்ணீர்; கடைசியில் சீக்குக் கோழிக்கு. வரிசையை மாற்றாதீர்கள். அந்தப் பக்கம் போக ஒரு தனிச் செருப்பு வேண்டும். இந்த நாட்களில் இட்ட முட்டையை அடை வைக்க வேண்டாம்.

தீனித்தட்டு, தண்ணீர்ச்சட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப் போடுங்கள். வெயில் நமக்குச் சும்மா கிடைக்கிற மருந்து. மண் தரையானால் மேல் மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி அப்புறப்படுத்திச் சுண்ணாம்பு தூவுங்கள். சுவருக்கு பிளீச்சிங் பவுடர் கலந்த சுண்ணாம்பு அடியுங்கள்.

மருந்து என்று கேட்டால், வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது. அது வைரஸ். கடையில் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. பின்னால் ஒட்டிக்கொள்ளும் வேறு கிருமிகளுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்துக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன், நானும் கொடுத்தேன். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவர்கள் வெறும் பஞ்சாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தடுப்பூசிக்கு இதுதான் நேரம். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி முதல் பாதியில் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாமை ஊர் ஊராக இலவசமாக நடத்துவது வழக்கம். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையடித் தோலில் அரை மில்லி. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் வாக்கில் இன்னொரு முறை. ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். கலக்கிய மருந்து ஐஸில் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். நேற்றுக் கலக்கியதை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஊசி போட்ட பிறகு சில கோழிகள் இரண்டு நாள் சோர்ந்து நிற்கும், முட்டை குறையும், பயப்பட வேண்டாம். கூட்டில் ஏற்கெனவே நோய் புகுந்திருந்தால் மட்டும் நீங்களாக ஊசி போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். நோய் உள்ளே இறங்கிவிட்ட கோழியை ஊசி காப்பாற்றாது. ஒரே ஊசியால் வரிசையாகக் குத்திக்கொண்டு போனால் பரப்பவும் செய்யும்.

லாரிக்காரிக்கு வருகிறேன். அவள்தான் நோயைக் கொண்டுவந்தாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. வந்த மருமகள் மேல் பழி போடுகிற அதே வாய். நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தேன். மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கிருமி உள்ளே போய் இரண்டு நாளிலும் நோய் தெரியலாம், பதினைந்து நாளும் ஆகலாம். பண்ணைக் கோழிக்குத் தடுப்பூசி பல முறை போட்டிருப்பார்கள். எங்கள் நாட்டுக் கோழிகளுக்கோ ஒரு முறைகூட இல்லை. அவள் வந்த நாலாம் நாள் நான் சந்தைக்குப் போய்க் கோழி வரிசையில் விலை கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன். அதே செருப்போடு கொல்லைக்கு வந்தேன். உடம்பில் தெம்பில்லாதவள் முதலில் விழுந்தாள், அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

மீட்டுக் கொண்டுவரும் கோழியைக் குறைந்தது மூன்று வாரம், மற்றவற்றிலிருந்து முப்பது அடியாவது தள்ளி, தனித் தட்டு, தனித் தண்ணீரோடு வையுங்கள். கத்தும். கத்தட்டும். கிளிஞ்சல் தூள், கொஞ்சம் கீரை, காலை வெயில் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சும் கொடுங்கள். கூட்டில் நோய் வந்து போன வீடானால் கடைசிச் சாவுக்குப் பிறகு ஒரு மாதமாவது புதுக் கோழி எதுவும் வேண்டாம். கோடை நெருங்க நெருங்க அம்மையும் வரும். கொசு பரப்புகிற நோய் அது, அதற்கும் தனியாகத் தடுப்பூசி உண்டு, முகாமிலேயே விசாரித்து வையுங்கள்.

உங்கள் ஊருக்கு முகாம் எந்தத் தேதியில் என்று நாளைக் காலையே மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். தேதி தெரிந்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் விடிந்ததும் பஞ்சாரத்தைத் திறந்துவிடாதீர்கள், அப்புறம் ஒன்றையும் பிடிக்க முடியாது.