பத்திரப் பெட்டி செய்யும் முறை

குடியானவர் வீட்டில் நிலப் பட்டா, கிரயப் பத்திரம், வரி ரசீது ஆகிய காகிதங்கள் ரொக்கப் பணத்தினும் அருமையானவை. அவற்றைத் துணியில் சுற்றிப் பரணில் செருகி வைப்பதால் கரையானுக்கும் கூரை ஒழுக்கிற்கும் இரையாகின்றவை அநேகம். மலிவான மரப்பெட்டி வாங்கியவர்களும் ஏமாறுவதுண்டு. ஓரிரு வருஷத்தில் அதன் அடிப்பலகை நடுவில் பிளந்து பூச்சிகளுக்கு வழிவிடுகின்றது. பெரும்பாலும் இக்குற்றம் ஆணியினுடையதன்று. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உண்டு அகலத்தில் விரியும்; கோடையில் அதே அளவு சுருங்கும். 7 அங்குல அகலமுள்ள பலகை இவ்வாறு ஏறக்குறைய ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அசைவது சாதாரணம். நீளவாட்டிலோ அசைவு இல்லையென்றே சொல்லலாம். நான்கு புறமும் ஆணியால் இறுக்கப்பட்ட பலகை சுருங்க இடமின்றிப் பிளக்கின்றது. அசைவதற்கு இடம் விட்டுச் செய்யும் முறை இங்கே கூறப்படும்.

மரம்: தேக்கின் வைரம் மேலானது; கரையான் எளிதில் அண்டாது. அது அகப்படாவிடின் வேம்பு, பூவரசு, பலா ஆகியவை போதும். எம்மரமாயினும் வெளிறு என்னும் வெளிப்புற வெண்பகுதியை நீக்கிவிடல் வேண்டும். மரத்தைப் பொடியாக்கும் வண்டு அதிலுள்ள மாப்பொருளை நாடியே வருகின்றது. அறுத்த பலகையை நிழலில், பலகைக்குப் பலகை இடையே சமகனமுள்ள குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாய் அடுக்குக. அது உலர்ந்ததா என்பதை வெறுங்கண்ணால் துணிதல் கூடாது. அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாரத்திற்கு ஒருமுறை தராசில் நிறுத்து வரின், எடை குறையாமல் நிற்கும் வாரம் வரும். அதுவரை உளியைத் தொடலாகாது. இப்பொறுமை இல்லாதவர்க்குப் பின்வரும் வேலையெல்லாம் வீண்.

அளவு: வெளிப்புறம் நீளம் 12, அகலம் 8, உயரம் 5 அங்குலம். முத்திரைத்தாளை இரண்டாய் மடித்து வைக்க இது போதும். பக்கங்களுக்கு முக்கால் அங்குல கனமுள்ள கரட்டுப் பலகை மூன்றரை அடி நீளம் தேவை. இழைத்தபின் அது அரை அங்குலமாய் நிற்கும்.

இழைத்தல்: முதலில் ஒரு முகத்தை மட்டும் சமமாக்குக. பலகையின் இரு முனைகளிலும் நேரான சட்டம் ஒவ்வொன்றைக் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல் விளிம்பின் வழியே மற்றதை நோக்கினால் முறுக்கல் உடனே புலப்படும். இரண்டும் ஒருகோடாய்த் தோன்றும்வரை உயர்ந்த மூலைகளை இழைத்தல் வேண்டும். நார் பிய்ந்து எழும்பினால் பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் இழைத்திடுக. அடுத்து ஒரு விளிம்பை மூலைமட்டத்திற்கு ஒத்ததாக்குக. மற்ற கோடுகளெல்லாம் இவ்விரண்டிலிருந்தே கிழிக்கப்படும்; ஆதலின் இவற்றில் பென்சிலால் அடையாளம் இட்டு வைப்பது நலம். பிறகு கனத்தைக் கோடு கிழித்து மறுமுகத்தையும் இழைத்து முடிக்கலாம்.

பொருத்து: நெடும்பலகை இரண்டு 12 அங்குலமும், குறும்பலகை இரண்டு ஏழரை அங்குலமுமாக அறுத்திடுக. நெடும்பலகையின் உட்புறத்தில் இரு முனைகளிலும் அரை அங்குல அகலம், கால் அங்குல ஆழம் வெட்டி எடுத்தால், குறும்பலகையின் முனை அங்கே நன்றாய் அமரும். நான்கு பலகைகளின் உட்புறத்திலும், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கால் அங்குலம் தள்ளி, கால் அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள காடி ஓட வேண்டும். காடியும் முனைவெட்டும் ஒரே ஆழமாயிருத்தலால் வெளியே துவாரம் தெரியாது. ஆழம் மிஞ்சினால் மூலையில் ஓட்டை விழும். எறும்புக்கு அவ்வளவே போதும்.

மேற்பலகையும் அடிப்பலகையும் 7 அங்குலமும் 3 நூலும் அகலம் இருக்கட்டும். அவ்வளவு அகலமான மரம் இல்லையேல் இரண்டு துண்டுகளை விளிம்பொட்டிச் சேர்க்கலாம். காடிக்குக் காடி இடைவெளி ஏழரை அங்குலம் ஆகையால் ஒரு நூல் இடம் மீதியாகும். அதுவே மேற்சொன்ன அசைவிற்கான இடம். கோடையில் செய்யும் பெட்டிக்கு இது கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்வோர், பலகை முன்னரே விரிந்திருப்பதால், இதிற் பாதி விட்டாலும் போதும். பலகையின் ஓரங்களைக் காடியில் தடையின்றி வழுக்கிச் செல்லும் அளவிற்குச் சரிவாய் இழைத்திடுக. இவ்வோரங்களில் பசை ஒரு துளியும் படலாகாது.

மூலைகளுக்கு மட்டும் வச்சிரம் பூசிக் கயிற்றால் இறுக்குக. வச்சிரத்தை நேரே அடுப்பில் வைத்தால் கருகிப் பலமிழக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்தே உருக்குவது முறை. கடையில் விற்கும் வெள்ளைப் பசையும் உதவும். பசை காயுமுன் ஒரு குச்சியால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தால், அவை சமமாயின் பெட்டி கோணலில்லை என்று அறியலாம். காய்ந்தபின் துளையிட்டு மூங்கில் ஆணி அடித்திடுக.

மூடியைத் தனியே செய்து பொருத்த முயல்வோர் பலர் இடருறுகின்றனர். எளிய வழி, ஆறு புறமும் மூடிய பெட்டியைச் சுற்றி, மேலிருந்து ஒன்றேகால் அங்குலம் கீழே கோடு கிழித்து ரம்பத்தால் அறுத்துவிடுவதே. நான்கு பக்கமும் சிறிது சிறிதாய் அறுத்து வந்தால் கோடு தவறாது. மூங்கில் ஆணிகள் அக்கோட்டில் வராதபடி முன்னரே விலக்கியிருத்தல் வேண்டும். அறுத்த விளிம்புகளை இலேசாய் இழைத்து, கீல் இரண்டும், கொண்டியும் நாதாங்கியும் தைத்திடுக.

வெளிப்புறத்தில் ஆளிவிதை எண்ணெய் இருமுறை தேய்க்கலாம்; உட்புறத்தில் தேய்த்தால் காகிதம் கறைபடும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் அபாயம். அவ்வெண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகித் துணி தானே தீப்பற்றுவதுண்டு. திறந்த வெளியில் விரித்துக் காயவைத்த பின்னரே அப்புறப்படுத்துக.