லாரியில் இடமிருந்தால் போதுமா?

நம் ஊரில் லாரி என்றால் கண்ணுக்கு முதலில் தெரிவது பனியன் மூட்டைதான். தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டி, கேபினுக்கு மேலே எழும்பி நிற்கும் பாரத்தைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. அதே கண்ணோடு காங்கேயத்து அரிசி ஆலையில் நின்று, பாதி உயரம்கூட நிறையாத லாரியைப் பார்க்கும்போது, "இன்னும் நூறு சிப்பம் போடலாமே" என்று நமக்குத் தோன்றுகிறது. டிரைவர் தயங்கினால், "இவ்வளவு இடம் கிடக்கிறதே!" என்று சொல்லவும் சொல்கிறோம்.

பனியன் சரக்கில் முதலில் தீர்ந்துபோவது இடம், எடை மிச்சமிருக்கும். அரிசி, சர்க்கரை, உப்பு, எண்ணெய் டின் ஆகியவற்றில் முதலில் தீர்ந்துபோவது எடை, இடம் மிச்சமிருக்கும். மளிகை வணிகர்களாகிய நாம் லாரிப் பாரம் பற்றிய சட்டத்தில் சிக்குவது பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தை மறப்பதால்தான். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னது எல்லோருக்கும் பள்ளிப்பாடம். பனியன் மூட்டையை வேண்டுமானால் மயிலிறகு என்று சொல்லலாம். நாம் ஏற்றுவது அரிசி.

கடைத் தராசுக்குக் காலம் தவறாமல் முத்திரை வாங்குகிறோம். ஐம்பது கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் கேட்பார், அதிகாரியும் கேட்பார். ஆனால் பத்துப் பன்னிரண்டு டன் சரக்கைக் கண்ணாலேயே நிறுத்து அனுப்புகிறோம்!

லாரிக்குச் சட்டம் வைத்திருக்கும் தராசு எது? அந்த வண்டியின் ஆர்.சி.தான். அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று பாரத்தோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை, அதாவது மொத்த எடை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-வது பிரிவு, ஆர்.சி.யில் கண்ட மொத்த எடைக்கு மேல் எந்த வண்டியையும் ஓட்டவோ, ஓட்டச் செய்யவோ, ஓட்ட அனுமதிக்கவோ கூடாது என்கிறது. இரண்டு எடைகளையும் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடிய பாரம். அதிலும் டேங்கில் இருக்கும் டீசல், நனைந்த தார்ப்பாய், பாரத்தின் மேல் ஏறி உட்காரும் ஆட்கள் எல்லாம் எடைமேடையில் சேர்ந்தே வரும். 200 லிட்டர் டீசல் மட்டுமே 165 கிலோ அளவுக்கு இருக்கும்.

ஆறு சக்கர லாரிக்கு நெடுங்காலம் மொத்த எடை 16.2 டன் என்று இருந்தது. முன் அச்சுக்கு 6 டன், நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன். 2018 ஜூலையில் மத்திய அரசு இதை முன்னால் 7, பின்னால் 11.5, ஆக 18.5 டன் என்று உயர்த்தியது. பத்துச் சக்கர டாரஸ் வண்டிக்கு 25 டன் என்பது 28.5 ஆயிற்று. "அரசாங்கமே கூட்டிவிட்டது, போடுங்கள்" என்று பழைய வண்டிக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. அதைக் கேட்டு ஏமாற வேண்டாம். சோதனையில் பார்ப்பது அந்த வண்டியின் ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே. அதில் 16,200 கிலோ என்று இருந்தால் 16,200தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்.சி.யில் மொத்த எடை 18,500 கிலோ, வெறும் வண்டி 6,500 கிலோ என்று கொள்வோம். ஏற்றக்கூடியது 12,000 கிலோ. 25 கிலோ சிப்பமாக இருந்தால் சரியாக 480 சிப்பம். பல ஆண்டுகளாக "ஒரு லோடு 480" என்றே பேசிப் பழகிய கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உள்ள, பெயரிட்டுப் பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. உடனே ஆலைகள் பல 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. கடைக்காரர் பழக்கத்தில் அதே 480 சிப்பம் எழுதி அனுப்புகிறார். எடை 12,480 கிலோ. யாரும் பேராசைப்படவில்லை, ஒரு சிப்பம்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. ஆனாலும் வண்டி 480 கிலோ கூடுதல் பாரத்தோடு ரோட்டில் போகிறது. 26 கிலோ சிப்பம் என்றால் அந்த வண்டிக்கு 461தான். வரி மிச்சம் பிடித்த கணக்கை எல்லோரும் போட்டோம். இந்தக் கணக்கைப் போட்டவர் குறைவு.

தெரியாமல் நேர்வது இது. தெரிந்தே செய்வதற்கு நம் ஊரில் தனிக் காரணம் உண்டு. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். சனி மாலையும் ஞாயிறும் நடக்கும் வியாபாரம்தான் வாரத்தின் வியாபாரம். வெள்ளி இரவுக்குள் சரக்கு இறங்கியாக வேண்டும். தீபாவளிக்கு முன்னால் போனஸ் பணம் புழங்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். வடமாநிலத் தொழிலாளர்களுக்காக ஆட்டாவும் கடுகெண்ணெயும் கூட இப்போது கணிசமாக வரவழைக்கிறோம். "இரண்டு நடை வாடகை கொடுப்பதா, ஒரே நடையில் கொண்டு வா" என்று சொல்லத் தோன்றுவதும் இந்த அவசரத்தில்தான்.

மேலே சொன்ன வண்டியில் 12 டன்னுக்குப் பதில் 15 டன் ஏற்றினார்கள் என்று வைப்போம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதற்கு முன் இது 2,000-மும் டன்னுக்கு 1,000-மும் ஆக இருந்தது. "மாட்டினால் கட்டிவிடலாம்" என்ற பேச்சு அந்தக் காலத்துக் கணக்கு. இன்று 3 டன் கூடுதலுக்கு 26,000 ரூபாய். கூடுதல் 3 டன் என்பது 26 கிலோ சிப்பத்தில் சுமார் 115. ஆக, ஆசைப்பட்டு ஏற்றிய ஒவ்வொரு சிப்பத்தின் தலையிலும் ஏறத்தாழ 226 ரூபாய் ஏறுகிறது. எந்தக் கடையிலாவது ஒரு சிப்பத்துக்கு அவ்வளவு லாபம் நிற்கிறதா?

அபராதத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துப் போகலாம் என்றும் நினைக்கக்கூடாது. முன்பு சில மாநிலங்களில் பணத்தைக் கட்டி அட்டை வாங்கிக்கொண்டு அதே பாரத்தோடு ஓடும் வழக்கம் இருந்தது. 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அபராதம் கட்டியது கூடுதல் பாரத்தோடு போவதற்கான அனுமதி ஆகாது, கூடுதலை இறக்கியே ஆக வேண்டும் என்பது அத்தீர்ப்பு. இப்போது சட்டத்திலேயே அது எழுதப்பட்டுவிட்டது. இறக்குகூலி நம் தரப்பில். இறக்கிய சரக்குக்குப் பொறுப்பும் நம் தரப்பில். மழை பெய்து நனைந்தாலும், இரவில் நாலு மூட்டை காணாமல் போனாலும் அதிகாரியைக் கேட்க முடியாது. இரண்டாவது வண்டி பிடித்து மிச்சத்தை ஏற்றி வருவதற்குள் சனிக்கிழமை சாயங்காலம் போய்விடும். அபராதத்தை விட நமக்கு வலிப்பது இதுதான்.

"எடைமேடை பக்கத்தில் இல்லையே, எப்படி நிறுப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்கு: 114-வது பிரிவின்படி, போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ உள்ள எடைமேடைக்கு வண்டியைக் கொண்டு வரச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. நம் வட்டாரத்தில் அந்தத் தூரத்துக்குள் எடைமேடை இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நிறுக்க மறுத்தாலோ, நிறுப்பதற்கு முன் சரக்கை இறக்கிவிட்டாலோ அபராதம் 40,000 ரூபாய்.

அடுத்தது, யார் தலையில் விழும் என்ற கேள்வி. டிரைவர் வேறு, சொந்தக்காரர் வேறு என்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தே அல்லது அவர் சொல்லியே குற்றம் நடந்ததாக நீதிமன்றம் கருதலாம். ஆகவே சொந்த வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் "டிரைவர் செய்தது" என்று விலகிக்கொள்ள இயலாது. வாடகை வண்டியானாலும், 'ஓட்டச் செய்பவர்' என்ற சொல் சட்டத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று நாமே பில்லில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். டிரைவரின் நிலை இன்னும் பரிதாபம். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் இட்ட உத்தரவின்படி, சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றினால் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்க வேண்டும். நம் நூறு சிப்பத்துக்காக ஒரு குடும்பம் மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருக்கும்.

இதில் லாரிக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல என்பது எங்கள் கருத்து. வாடகையை டன் கணக்கில் பேசி, அந்த டன்னுக்கும் அடிமாட்டு விலை கேட்டால், டீசலுக்கும் சுங்கத்துக்கும் கட்டுப்படியாக அவர் என்ன செய்வார்? கூடுதல் ஏற்றித்தான் ஈடுகட்டுவார். ஆர்.சி.யில் உள்ள பாரத்துக்கு முழு வண்டி வாடகை என்று பேசினால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

ரோட்டுக்கு என்ன ஆகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்னும் ஊரருகே, 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் போட்டு, பல்வேறு எடையுள்ள லாரிகளை இரவும் பகலும் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு என்று தெரிந்தது. நம் நாட்டுப் பொறியாளர்கள் 8.16 டன் அச்சை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 10.2 டன் அச்சு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கும், இன்று அனுமதியுள்ள 11.5 டன் அச்சு நான்கு மடங்கும் சேதம் செய்யும். கூடுதலாக ஏற்றும் பாரம் பெரும்பாலும் பின் அச்சில்தான் விழுகிறது. அது 14 டன் ஆகிவிட்டால் சேதம் எட்டரை மடங்கைத் தாண்டும். தேசிய நெடுஞ்சாலையாவது கனமாகப் போட்டது, தாங்கும். அங்கிருந்து பிரிந்து நம் கடைவீதிக்கு வரும் ரோடு அவ்வளவு கனத்துக்குப் போட்டதல்ல. மழைக்காலத்தில் கடை வாசலில் விழும் குழியில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு.

அளவு பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கும், சாதாரண லாரியின் நீளம் 12 மீட்டருக்கும் மேற்படக்கூடாது. உயரத்துக்கும் வரம்பு உண்டு. பாரம் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ பாடியை விட்டு நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலும் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம். இது மளிகையை விட, பனியன் மூட்டையும் காலி அட்டைப் பெட்டியும் அனுப்புவோர் கவனிக்க வேண்டியது. நம்மில் அப்பளம், பொரி, பிளாஸ்டிக் சாமான் வரவழைப்போரும் பார்த்துக்கொள்ளவும்.

குட்டியானை வண்டிகளைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைக்குச் சரக்கு போவது பெரும்பாலும் அதில்தான். பழைய மாடல்களில் ஏற்றக்கூடியது முக்கால் டன் அளவுதான். 50 கிலோ சர்க்கரை மூட்டை 15 போட்டாலே கதை முடிந்தது. அதன் மேல் எண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் அடுக்கி, பின்பக்கம் தரையைத் தொடுகிறாற்போல் போவதை தினமும் பார்க்கிறோம். சின்ன வண்டிதானே என்று சட்டம் சலுகை காட்டவில்லை, அதே 20,000தான். பின்னால் பாரம் அழுந்தினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் கேட்காது. பிரேக்கும் தாமதமாகப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்த வண்டி எந்தத் தெருவில் வரும் என்று நமக்குத் தெரியும்.

வெளிமாநிலச் சரக்கு வாங்குவோர் ஈ-வே பில்லையும் சேர்த்து நினைக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லுபடியாகும். பாரம் இறக்க வண்டி நின்றுவிட்டால் காலம் ஓடிவிடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக்கொள்ள வழியுண்டு. விட்டால் வேறொரு அபராதம். மிச்சச் சரக்கை வேறு வண்டியில் மாற்றினால் வண்டி எண் விவரமும் மாற வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வண்டி பேசும்போதே ஆர்.சி. நகலை வாங்கி, இரண்டு எடைகளையும் ஒரு நோட்டில் வண்டி எண்ணோடு எழுதி வைக்கலாம். திரும்பத் திரும்ப வரும் வண்டிகள் பத்துப் பதினைந்துதான் இருக்கும். ஆர்டரை மூட்டைக் கணக்கில் சொல்லாமல் கிலோக் கணக்கில் சொல்ல வேண்டும். ஏற்றும்போது கேபினை ஒட்டித் தொடங்கித் தரை முழுவதும் சமமாகப் பரப்பச் சொல்ல வேண்டும். கடைசியில் ஏற்றுவது எளிது என்று பின்கதவருகே குவிக்க விடக்கூடாது. ஆலையை விட்டு வெளியே வந்ததும் முதல் எடைமேடையில் நிறுத்துச் சீட்டு வாங்கினால், கூடுதல் இருந்தாலும் அங்கேயே திரும்பி ஆலையில் இறக்கிவிடலாம். வெள்ளிக்கிழமை ஒரே நடை என்பதைப் புதன் ஒன்று, வெள்ளி ஒன்று என்று பிரிப்பதும், பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து இரண்டாவது வண்டியைப் பகிர்ந்துகொள்வதும் வாடகையைப் பெரிதாகக் கூட்டாது.

ஆர்.சி. அட்டையில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில் ஐயமுள்ள உறுப்பினர்கள் நகலோடு சங்க அலுவலகத்துக்கு வரலாம். ஏற்றக்கூடிய பாரத்தைக் கணக்கிட்டு எழுதித் தருகிறோம்.