லே ஆஃப், டிரெய்னி, பர்மனென்ட்: ஒரகடத்தில் வேலைக்குச் சேரும் இளைஞருக்கு



வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் விடியுமுன் ஓடத் தொடங்கும் கம்பெனி பஸ்களில் பேசப்படும் தமிழில் ஷிப்ட், லைன், டார்கெட், ஓ.டி., பர்மிஷன் ஆகிய ஆங்கிலச் சொற்கள் கலந்தே வருகின்றன. புழக்கத்தில் ஊறிவிட்ட அவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால், தொழிற்கூடத்தில் ஒரு பொருளும், அகராதியில் இன்னொரு பொருளும், சட்டத்தில் மூன்றாவது பொருளும் கொண்ட சில சொற்கள் உண்டு. டிப்ளமோ முடித்துச் சேரும் ஒருவர் இயந்திரத்தை இயக்கக் கற்பது போலவே அவற்றையும் பிரித்தறியக் கற்க வேண்டும்.

முதலில் 'லே ஆஃப்' என்ற சொல். அமெரிக்க ஆங்கிலத்தில் இன்று இது பெரும்பாலும் வேலையை விட்டு அனுப்பிவிடுவதைக் குறிக்கிறது. மென்பொருள் நிறுவனங்களின் செய்திகளை மொழிபெயர்க்கும் நாளேடுகளும் 'பணிநீக்கம்' என்றே எழுதுவதால், அந்தப் பொருளே இளைஞர் மனத்தில் பதிந்துவிட்டது. இந்தியச் சட்டத்தில் அதன் பொருள் முற்றிலும் வேறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும், அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும், மூலப்பொருளோ மின்சாரமோ கிடைக்காமலோ, சரக்கு தேங்கியோ, இயந்திரம் பழுதாகியோ நிர்வாகத்தால் வேலை தர இயலாமற்போகும் நிலையையே லே ஆஃப் என்கின்றன. அதற்கு உள்ளாகும் தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அந்த வரையறையின் உயிர்நாடி. பெயர் இருக்கும்வரை வேலை உறவும் இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு, சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாகவும் கிடைக்கிறது. உதிரிபாகம் வராமல் லைன் நின்றுபோன ஒரு வாரத்தில், அறிவிப்புப் பலகையில் இந்தச் சொல்லைக் கண்டதும் வேலை போய்விட்டதென்று கருதி ஊருக்குத் திரும்பி, பின்பு அழைக்கப்படும்போது வராமலிருப்பவர், இருந்த வேலையைத் தாமே இழக்கும் நிலைக்கு ஆளாகிறார்.

வேலையிலிருந்து அனுப்பிவிடுவதற்குச் சட்டம் வைத்துள்ள சொல் 'ரிட்ரென்ச்மென்ட்', அதாவது ஆட்குறைப்பு. இச்சொல்லின் பொருள் உச்ச நீதிமன்றத்திலேயே பல ஆண்டுகள் வாதிடப்பட்டது. தேவைக்கு மிஞ்சிய ஆட்களை நீக்குவது மட்டுமே ஆட்குறைப்பு என்பது பொது வழக்கு. தண்டனையாக அல்லாமல் எந்தக் காரணத்தால் வேலை முடித்துவைக்கப்பட்டாலும் அது ஆட்குறைப்பே என்பது சட்ட வரையறையின் வாசகம். ஸ்டேட் வங்கியில் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட ஊழியர் ஒருவரின் வழக்கில், 1976ஆம் ஆண்டு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இந்த விரிந்த பொருளையே ஏற்றார். 1990இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதை உறுதிசெய்தது. இடையில், 1984இல், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாதவர்களை அந்த வரையறையிலிருந்து விலக்கும் திருத்தம் வந்தது. ஒரு சொல்லின் எல்லை அகன்றும் குறுகியும் வந்த இந்த வரலாறு முழுவதிலும், இழப்பீடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதே அடங்கியிருக்கிறது. சொற்பொருள் விவாதத்தைப் புலவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இளைஞருக்கு இதைவிட நெருக்கமான சொற்கள் இரண்டு உண்டு. ஐடி கார்டில் பெயருக்குக் கீழே அச்சிடப்படும் 'டிரெய்னி', 'அப்ரண்டிஸ்' ஆகிய இரண்டையும் தொழிற்கூடத்தில் ஒன்றாகவே வழங்குகின்றனர்; இரண்டும் ஒன்றல்ல. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவுசெய்யப்பட்டவரே அப்ரண்டிஸ், தமிழில் தொழில் பழகுநர். அவர் பெறுவது ஸ்டைபண்ட் எனும் உதவித்தொகை, அவரைத் தொழிலாளி என்று அந்தச் சட்டம் கொள்வதில்லை. அத்தகைய பதிவு இல்லாமல் டிரெய்னி என்று மட்டும் அழைக்கப்படுபவர், நிரந்தரத் தொழிலாளி நிற்கும் அதே லைனில், அதே டார்கெட்டுக்காக, அதே வேலையைச் செய்கிறார் என்றால், கார்டில் உள்ள சொல்லை மட்டும் பார்க்காமல் அவர் செய்யும் வேலையையும் பார்த்தே அவருடைய நிலை தீர்மானிக்கப்பட வேண்டும். 'பர்மனென்ட்' என்ற சொல்லும் நிர்வாகம் விரும்பும்போது அளிக்கும் பட்டம் அன்று. 24 மாதக் காலத்துக்குள் 480 நாள் தொடர்பணி முடித்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் அதற்கு அளவு வகுத்திருக்கிறது.

இரு பொருள் தரும் சொற்கள் இன்னும் உண்டு. 'செட்டில்மென்ட்' என்பது வேலையை விடும்போது கிடைக்கும் கணக்குத் தீர்வையும் குறிக்கும், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஊதிய ஒப்பந்தத்தையும் குறிக்கும். 'சி.எல்.' சிலருக்குத் தற்செயல் விடுப்பு, சிலருக்குக் கான்ட்ராக்ட் லேபர். 'வாலண்டரி' என்ற சொல்லுக்கோ இந்தப் பகுதியிலேயே கனமான நினைவு ஒன்று உண்டு: ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். எனும் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறினர். 2014 நவம்பர் 1 அன்று அங்கு உற்பத்தி நின்றது. ஆர்டர் வற்றிய ஆலையில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் மிஞ்சும் என்பது ஒவ்வொரு தொழிலாளியும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

ஆகவே, மனிதவளப் பிரிவினர் நீட்டும் தாளில் ஒரு சொல் விளங்காவிட்டால் தயங்காமல் கேட்க வேண்டும். விளங்கியதாகத் தோன்றினாலும் சட்டத்தில் அதன் பொருள் என்ன என்று கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சேரும் நாளில் கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெற்று, சேர்ந்த தேதி தெரியும்படி வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும்; உழைத்த நாள்களின் கணக்கு கேட்கப்படும்போது அந்தத் தாளே முதல் சான்று.