சூரிய மின்சாரமும் பணியாளர் பாதுகாப்பும்

வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்பு நிறுவுவோருக்கு 78,000 ரூபாய் மானியம் என மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திட்டம் வகுத்தது. மானியத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கூரைமேல் ஏறித் தகடு பூட்டுபவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. திருவெண்ணெய்நல்லூர்ப் பகுதியில் இத்தொழிலைக் கற்க விரும்பும் நம் அங்கத்தினர் வீட்டு இளைஞர்களுக்காக இதனை எழுதுகிறோம்.

வெயில் உள்ளவரை தகட்டில் மின்சாரம் உண்டு. அதனை நிறுத்தும் விசை எதுவும் இல்லை. ஒரு தகடு 40 வோல்ட்டு அளவே தரினும், பத்தைத் தொடராக இணைத்தால் 400 ஆகிவிடும். வீட்டு மின்சாரம் மாறுமின்னோட்டமாதலால் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. இணைப்பைப் பிரிக்கையில் எழும் பொறி அணைய அது ஏதுவாகிறது. தகடு தருவதோ நேர்மின்னோட்டம். அது சுழியைத் தொடுவதில்லை. மின்னோட்டம் இருக்கையில் இணைப்பைப் பிடுங்கினால், பொறி அணையாது சுடராய் நீண்டு கையைச் சுடும். கூரை தீப்பற்றவும் கூடும்.

ஆகவே முதலில் இன்வெர்ட்டரையும், பின்பு தகட்டுப் பக்கத்து ஐசொலேட்டரையும் நிறுத்துக. மின்னோட்டம் இல்லையென மீட்டரால் அறிந்த பின்னரே இணைப்பில் கை வைத்தல் வேண்டும். அப்போதும் தகட்டின் கம்பி முனைகளில் வோல்ட்டு இருக்கும், வெறுங்கையால் தொடலாகாது.

ஊரில் மின்சாரம் நின்றால், பாட்டரி இல்லாத அமைப்பும் உடன் நின்றுவிடும். “இவ்வளவு வெயிலிலும் விளக்கு எரியவில்லையே” என்று வீட்டார் குறைப்படுவர். கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியர் மீது நம் கூரை மின்சாரம் பாயாதிருக்கவே அந்த ஏற்பாடு என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கிவிடுக.