மேலவையில் அண்ணா: தோற்றுப்போன ஒரு மசோதாவைப் படிக்கும் முறை

நம் சங்கத்துப் பேச்சுப் போட்டிகளில் அண்ணாவைப் பற்றிப் பேசாத ஆண்டு கிடையாது. பிள்ளைகள் அடுக்குமொழியை மனப்பாடம் செய்துவந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் டில்லி ராஜ்ய சபையில் அவர் என்ன பேசினார் என்று கேட்டால், பிள்ளைகள் இருக்கட்டும், பெற்றோருக்கே தெரிவதில்லை. அங்கே அவர் ஆங்கிலத்தில் பேசினார். எதுகை மோனைக்கு அங்கே வேலையில்லை. எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் கருத்தை ஒப்புக்கொள்ளாதவர்கள். அந்தப் பேச்சுகளில் ஒன்றை எப்படிப் படிக்கலாம் என்பதே இக்கட்டுரை. நான் அரசியல் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, மாதுங்கா ஒர்க்‌ஷாப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். எந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தில் ஒரு விவாதத்தையும் கழற்றிப் பார்க்கிறேன்.

முதலில் அவர் அங்கே போன கதை. 1962 பொதுத்தேர்தலில் தி.மு.க. 50 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. ஆனால் தலைவரான அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றுவிட்டார். ராஜ்ய சபை உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆகவே அந்த ஐம்பதின்மர் பலத்தில் அவர் அதே ஆண்டு ஏப்ரலில் மேலவைக்குப் போனார். மே மாதம் முதல் பேச்சிலேயே திராவிட நாடு கேட்டுச் சபையைத் திடுக்கிட வைத்தார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்தது. அந்தக் கோரிக்கையை அவர் ஒதுக்கி வைத்தார். இதை நினைவில் வைத்துக்கொண்டு 1963-க்கு வர வேண்டும். அந்த ஆண்டில் அவர் கேட்டது பிரிவினை அல்ல, ஒரு பெயர்.

மேலவை என்பது நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தில் 60 பேர் கொண்ட செனட் இருக்கிறது. நம் ராஜ்ய சபையில் கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை ஆகிய துறைகளிலிருந்து 12 பேரை நியமிக்கிறார்களே, அந்த யோசனையே அயர்லாந்தைப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான். அங்கே கவிஞர் யேட்ஸ் 1922 முதல் 1928 வரை செனட்டராக இருந்தார். 1925-ல் விவாகரத்தைத் தடுக்கும் முயற்சியை எதிர்த்து அவர் பேசிய பேச்சு பேர்போனது. எடுபடவில்லை. 1937-ல் வந்த அரசியல் சட்டம் விவாகரத்தை அடியோடு தடை செய்தது. 1995-ல் நடந்த பொது வாக்கெடுப்பில்தான் அந்தத் தடை நீங்கிற்று. யேட்ஸ் இறந்து 56 ஆண்டு ஆகியிருந்தது.

இனி நம் மசோதா. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் விருதுநகரில் 1956-ல் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். 1961-ல் அந்தப் பெயர் மாற்றத்துக்காக ராஜ்ய சபையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது. கொண்டுவந்தவர் தமிழர் அல்லர். வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா! 1952-ல் சபை தொடங்கியதிலிருந்து 1981-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். பிற மாநிலத்தவர் நம்மைப் பற்றிப் பேசினாலே சந்தேகப்படும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அவர்கள் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தனிநபர் மசோதா என்றால் அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவருவது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் அதற்கென ஒதுக்குவார்கள். ஊருக்குப் போக ரயில் பிடிக்கும் நேரம் அது. சுதந்திரம் வந்த நாளிலிருந்து இவ்வகையில் 14 மசோதாக்களே சட்டமாகியுள்ளன. கடைசியாக ஆனது 1970-ல். ஆகவே 1963-ல் விவாதம் நடந்தபோது இது தோற்கும் என்பது குப்தாவுக்கும் தெரியும், அண்ணாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பேசிய பேச்சு என்பதால்தான் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எதிர்த்தவர்களில் நம் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினரும் இருந்தார். பழைய இலக்கியத்தில் தமிழ்நாடு என்ற பெயரே இல்லை என்பது ஒரு தடை. அண்ணா கோபப்படவில்லை. பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று நூல்களின் பெயரைச் சொல்லி, எங்கெங்கே வருகிறது என்று காட்டினார். ஆதாரம் கேட்டால் ஆதாரம், அவ்வளவுதான். இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சாளர்கள் அரைமணி நேரம் வீரம் பேசியிருப்பார்கள்.

இரண்டாவது தடைதான் கனமானது. பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன லாபம் என்ற கேள்வி. இதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: பார்லிமெண்டை லோக் சபை என்றும், கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்ய சபை என்றும், பிரசிடெண்டை ராஷ்டிரபதி என்றும் சொல்கிறீர்களே, அதனால் உங்களுக்கு என்ன லாபம்? மனநிறைவு என்றால், அதே மனநிறைவைத்தான் நாங்களும் கேட்கிறோம். அந்தச் சபைக்கே ராஜ்ய சபை என்ற பெயர் 1954-ல்தான் வந்தது. கேள்வி கேட்டவர் உட்கார்ந்திருந்த நாற்காலியே பெயர் மாறிய சபையின் நாற்காலி. ஒர்க்‌ஷாப்பில் ஒரு பாகம் சரியில்லை என்று மற்ற செக்‌ஷன்காரர் தகராறு செய்தால், நம் கேஜை எடுக்கமாட்டோம். அவருடைய கேஜையே வாங்கி அவர் முன்னாலேயே அளந்து காட்டுவோம். பிறகு அவர் பேச முடியாது.

பெயர் மாற்றத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்பது ரயில்வேக்காரனுக்கு நன்றாகத் தெரியும். 1996-ல் விக்டோரியா டெர்மினஸ் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. 2017-ல் நடுவே மகராஜ் சேர்ந்தது. 2018-ல் எல்பின்ஸ்டன் ரோடு பிரபாதேவி ஆனது. போர்டு, டைம்டேபிள், டிக்கெட், அறிவிப்பு எல்லாம் மாற வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே செய்தோம், செய்து முடித்தோம். முழுவதும் மாறிவிடுவதும் இல்லை. 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆன பிறகும் சென்ட்ரல் நிலையத்தின் குறியீடு எம்.ஏ.எஸ். என்றே டிக்கெட்டில் வருகிறது. ஆக, செலவு உண்டு என்பது மெய். ஆனால் லாபம் என்ன என்ற கேள்விக்குச் செலவுக் கணக்கு பதில் ஆகாது.

லாபம் என்ன என்பதை பம்பாய்த் தமிழன்தான் சரியாகச் சொல்ல முடியும். 1960 மே 1 அன்று பம்பாய் ராஜ்யம் பிரிந்தது. மராத்தியர் தம் மாநிலத்துக்கு மகாராஷ்டிரம் என்ற பெயரைப் பெற்றார்கள். அதற்காக உயிர்கொடுத்தவர்களுக்கு ஹுதாத்மா சௌக்கில் நினைவுச்சின்னம் நிற்கிறது. நமக்கோ நகரத்தின் பெயரே மாநிலத்தின் பெயராக நின்றது. என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நேரே தாராவிக்கு வந்தவர். சென்னைப் பட்டணத்தைச் சாகும்வரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சாலில் அவர் 'மதராசி'. மலையாளியும் மதராசி, கன்னடியரும் மதராசி. 1960-களின் பிற்பகுதியில் அந்தச் சொல் இந்த ஊரில் வசவாகவே ஆயிற்று என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 'எந்த ஊர்?' என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் சட்டத்தில் இல்லாதபோது நாம் சொல்வது நம் வீட்டுப் பேச்சாகத்தான் இருந்தது.

மசோதா தோற்றது. நான்கே ஆண்டு கழித்து, 1967 ஜூலை 18 அன்று, முதலமைச்சர் அண்ணா அதே கோரிக்கையைச் சட்டமன்றத்தில் தீர்மானமாக வைத்தார். எதிர்ப்பின்றி நிறைவேறியது. 1968-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று, தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். இடையில் இருபது நாள்.

அதே 1963-ல் ஆட்சிமொழி மசோதாவும் வந்தது. இந்தியோடு ஆங்கிலமும் தொடர 'மே' என்று அதில் எழுதியிருந்தார்கள். 'ஷல்' என்று எழுதுங்கள் என்றது தி.மு.க. இரண்டும் ஒன்றுதான் என்றார் நேரு. ரயில்வே ஸ்பெசிஃபிகேஷன் படித்த எவனும் இதை ஒப்பமாட்டான். 'ஷல்' என்று இருந்தால் செய்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் சரக்கைத் திருப்பிவிடுவார். 'மே' என்று இருந்தால் கான்ட்ராக்டர் செய்யவே மாட்டார். மேலவையில் அண்ணா வேறு கோணத்தில் பேசினார்: ஆங்கிலம் தொடர்ந்தால் சாதகமும் பாதகமும் எல்லாருக்கும் சமமாகும் என்றார். அன்று ஒரு சொல்லும் மாறவில்லை. 1965 கிளர்ச்சிக்குப் பிறகு, 1967-ன் திருத்தச் சட்டத்தில், இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு ஆங்கிலத்தில் தொடர்புகொள்வதற்கு 'ஷல்' வந்து உட்கார்ந்தது. இடையில் போன உயிர்களை நினைத்தால், அந்த ஒரு சொல்லை முன்பே எழுதியிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2015 ஏப்ரலில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமைக்கான தனிநபர் மசோதாவை ராஜ்ய சபை நிறைவேற்றியது. ஓர் அவை அப்படிச் செய்து 45 ஆண்டு ஆகியிருந்தது. லோக் சபையில் அது சட்டமாகவில்லை. 2019-ல் அரசே தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து சட்டமாக்கியது. அது சிவாவினுடையதிலிருந்து பல இடங்களில் வேறுபட்டது, திருநங்கையர் பலர் அதை ஏற்கவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ராஜ்ய சபையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளை இன்று கணினியில் காசில்லாமல் படிக்கலாம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் கடினமாக இராது. அண்ணாவின் பேச்சிலிருந்து தொடங்க வேண்டாம். மசோதாவை எதிர்த்தவர்களின் பேச்சை முதலில் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடைக்கும் நீயாக இருந்தால் என்ன பதில் சொல்வாய் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அண்ணாவின் பதிலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். என் பேத்தி இந்த விடுமுறையில் இரண்டாவது தடைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாள். செம்பூரிலுள்ள அவள் தோழி, மராத்திப் பெண், எதிர்க்கட்சியாக உட்கார்ந்து அதை வெட்டிப் பேசினாள்.